வேவண்டனின் இரு வரலாறுகள்

இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயரில் வேவண்டன் என்றொரு சிற்றூர் உண்டு. கொத்மலைப் பகுதியில், இறம்பொடையை அடுத்து, அதே பெயரில் ஒரு தேயிலைத் தோட்டமும் உண்டு. பெயர் ஒன்றுதான், வரலாறு எழுதப்பட்ட விதம் வேறு.

ஒவ்வொரு தேவாலயப் பங்கிலும் ஞானஸ்நானம், விவாகம், நல்லடக்கம் ஆகியவற்றைப் பதிய வேண்டுமென்று 1538 இல் இங்கிலாந்தில் ஆணை பிறந்தது. அதனால் அங்கே சாதாரண உழவர் குடும்பத்தினரும் பல தலைமுறை முன்னோரைப் பெயர் சொல்லித் தேட முடிகிறது. இங்கு வந்து மடிந்த ஆங்கிலேயரும் மறக்கப்படவில்லை. அவர்களின் கல்லறை வாசகங்களைத் திரட்டி, பென்றி லூயிஸ் என்ற சிவில் அதிகாரி 1913 இல் ஒரு நூலையே வெளியிட்டார். தோட்டங்களின் பெயரும் ஏக்கர் அளவும் பெர்குசன் டிரெக்டரிகளில் அச்சேறின. மன்னார்க் காட்டுவழியே நடந்து வந்து, பாதையிலேயே மாண்ட நம்மவருக்கோ கல்லும் இல்லை, பட்டியலும் இல்லை.

வம்ச வரலாறு ஓய்வுள்ளோரின் பொழுதுபோக்கு என்று சிலர் கருதுவர். மலையகத் தமிழருக்கு அது சட்டம் கேட்ட சாட்சியம். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், இந்நாட்டிலேயே பிறந்தவரிடமும், தந்தை இங்கு பிறந்தாரா, இன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தார்களா என்று கேட்டது. கையில் காகிதமில்லாத மக்கள் எதைக் காட்டுவர்? 1947 இல் தம் வாக்குகளால் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள், 1949 இல் வாக்குரிமையையும் இழந்தனர். 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. நாடற்றோர் துயரைத் தீர்க்க 2003 இல் வந்த சட்டமும், அந்தத் தேதியிலிருந்து இங்கு வாழ்பவரா, அல்லது அவரின் வழித்தோன்றலா என்றே பார்த்தது. ஆக, ஒவ்வொரு முறையும் கேள்வி ஒன்றே: நீ யாருடைய பிள்ளை?

வேவண்டனிலேயே பாருங்கள். கங்காணியாக உயர்ந்து அத்தோட்டத்தை வாங்கிய கருப்பையாவின் மகன் சௌமியமூர்த்தி தொண்டமான், 1947 இல் நுவரெலியாவின் பிரதிநிதியானார். அக்குடும்பத்தின் கதை நூல்களில் இருக்கிறது. அதே மலையில் கொழுந்தெடுத்தவர்களின் கதை எங்கே?

அது முற்றாக அழிந்துவிடவில்லை. செக்றோல் புத்தகங்களிலும் தோட்டத்துப் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளிலும் அது சிதறிக் கிடக்கிறது. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் மீண்டும் தனியாரிடம் போனது. கைமாறுந்தோறும் பழைய ஏடுகள் குப்பையாவது இயல்பு. எஞ்சியவற்றையேனும் தேசிய சுவடிகள் திணைக்களம் பொறுப்பேற்றுப் பிரதியெடுத்து, பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்து லயன் காம்பராக்களில் 2007 இல் அமைந்த தொழிலாளர் நூதனசாலை இப்பணிக்கு நல்ல முன்மாதிரி.

ஊரைத் தேடினால் சாதியும் கிளம்பும் என்போர் உளர். அந்த அச்சம் நியாயமானதே. ஊராகவும் உறவாகவும் சாதியாகவுமே கங்காணிமார் ஆள் திரட்டினர். ஆனால் மறைத்து வைப்பதால் சாதி ஒழிந்ததாக நாம் எங்கும் கண்டதில்லை. எழுதுவோர் பெருமைக்காக எழுதாமல், உண்மைக்காக எழுதினால் போதும்.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. வீட்டிலிருக்கும் அப்பாயியிடமும் அம்மாயியிடமும் இளைஞர்கள் இன்றே கேட்கலாம்: எந்த ஊர், எந்தக் கங்காணி, எந்தத் தோட்டத்திலிருந்து எந்தத் தோட்டம், யார் இந்தியாவுக்குப் போனார், யார் இங்கே தங்கினார்? பெண்களின் பெயர்களை முதலில் எழுதுங்கள். தந்தைவழியை மட்டுமே எண்ணிய சட்டம் அவர்களைத் தேடவில்லை. வாழ்க்கைப்பட்டு வேறு தோட்டம் போனதும் சொந்தங்களும் மறந்தன.

2023 இல் மலையகத்தின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தோம். நடந்து வந்தவர்களின் பெயர்களையும் எழுதி முடித்தால்தான் அந்த நினைவு நிறைவுபெறும். காணியுரிமை கேட்டு நிற்கும் இம்மக்களுக்கு, எத்தனை தலைமுறையாக இம்மண்ணில் உழைத்தோம் என்று காட்டும் ஏடு வெறும் நினைவுச் சின்னமாக இராது. அதுவே அவர்கள் கோரிக்கையின் முதற் சான்றாகும்.