சர்க்கரை சென்று சேரும் இடம்

நீரிழிவைக் கணையத்தின் நோயாகவும் உடற்பருமனை வயிற்றின் குற்றமாகவும் மட்டுமே பார்த்துப் பழகிய பொதுப்புத்தி, இன்சுலின் உயர்ந்திருக்கும்போது உடல் உள்வாங்கும் குளுக்கோஸின் பெரும்பகுதி எலும்புத் தசைகளுக்கே செல்கிறது என்பதைப் போதிய அளவு கருதுவதில்லை. தசை அதைக் கிளைக்கோஜனாக, அதாவது வேண்டும்போது எரிக்கத்தக்க சேமிப்பு மாவுப்பொருளாக மாற்றி வைக்கிறது. இரண்டாம் வகை நீரிழிவுடையோரிடம் இச்சேமிப்பின் வேகம் வெகுவாகக் குன்றியிருப்பதை யேல் பல்கலைக்கழகத்தின் ஜெரால்டு ஷுல்மன் குழுவினர் 1990-இல் அணுக்கரு காந்த ஒத்ததிர்வு முறையால் அளந்து காட்டினர். தசைக்குள் படியும் கொழுப்பின் இடைவிளைபொருள்கள் இன்சுலினின் கட்டளையைத் தடுக்கின்றன என்பது பின்னர் அவர்கள் முன்வைத்த விளக்கம். ஆனால் நெடுந்தூர ஓட்ட வீரர்களின் தசையிலும் கொழுப்பு மிகுந்திருந்தும் இன்சுலின் நன்றாகவே வேலை செய்வதால், கொழுப்பு இருக்கிறதா என்பதைவிட அது எரிகிறதா தேங்குகிறதா என்று கேட்பதே பொருத்தம். உழைக்கும் தசையோ இன்சுலினுக்குக் காத்திராமலே குளுட்-4 என்னும் கடத்திப் புரதத்தைச் செல்லின் மேற்பரப்புக்குக் கொணர்ந்து சர்க்கரையை உள்ளிழுத்துக்கொள்கிறது. நீரிழிவாளரிடமும் இவ்வழி பெரிதும் பழுதுபடுவதில்லை. அப்படியிருக்க, கொழுப்போடு தசையையும் கரைத்துவிடும் அவசர மெலிவுத் திட்டங்களை (அவற்றுக்கு விளம்பரப் பஞ்சமில்லை) எடைக் கருவியின் எண் இறங்கியதற்காக மட்டும் சிகிச்சை என்று அழைப்பது தகாது.