மைதானம் மட்டும் போதுமா?
விளையாட்டில் துடிப்புள்ள அக்காளுக்கும் தம்பிக்கும் தனியார் பள்ளி தேடுகையில், நீச்சல்குளத்தையும் புல்தரையையும் கண்டு நாம் மயங்குகிறோம். கேட்க வேண்டியது வேறு: போட்டிக்குச் சென்ற நாள்களில் விடுபட்ட பாடத்தை யார் நடத்துவார்?

சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வுக்கு 75 சதவீத வருகை வேண்டும். தேசியப் போட்டிகளில் பங்கேற்போருக்குத் தளர்வு உண்டு. சிறு வகுப்புகளிலோ எல்லாம் பள்ளியின் மனப்பாங்கைப் பொறுத்ததே.

தம்பியின் ஆட்டத்திற்குப் பயிற்சியாளர் இருந்து, அக்காளின் ஆட்டத்திற்கு இல்லையெனில், ஒரே பள்ளி என்னும் நம் வசதிக்காக அவளது ஆட்டம் நின்றுவிடும். இரு பள்ளிகளானால் செலவு கூடலாம். ஆயினும், பழைய வருமான வரி முறையில் 1.5 லட்சம் ரூபாய் ஒட்டுமொத்த வரம்புக்குள் இரு பிள்ளைகளின் கல்விக் கட்டணத்திற்குக் கழிவு உண்டு. பள்ளி ஒன்றாயினும் இரண்டாயினும் அது மாறாது. நன்கொடைக்கும் பேருந்துக் கட்டணத்திற்கும் அக்கழிவு இல்லை.

கணக்கிட்டு முடிவெடுப்போம், அக்கணக்கில் இருவரையும் சமமாக வைப்போம்.