பயமில்லை என்று சொல்வது யார்?



'ராத்திரியில் உங்கள் பகுதியில் தனியாக நடந்து போகப் பயமில்லாமல் இருக்கிறதா?' என்று உலகம் முழுக்க ஜனங்களிடம் கேட்டுக் கணக்கு எடுத்திருக்கிறது, 'கேலப்' என்ற அமெரிக்க நிறுவனம். 2024ல் கேட்டு, 2025ல் வெளியிட்ட கணக்கு. நூற்றுக்கு 73 பேர் பயமில்லை என்றார்களாம். ஆண்களில் 78, பெண்களில் 67. முதலிடம் சிங்கப்பூருக்கு... அங்கே நூற்றுக்கு 98 பேர் பயமில்லை என்கிறார்கள். கடைசியில் நிற்கிற தென்னாப்பிரிக்காவில் 33 பேர்தான்.

வேறு சமயமாக இருந்தால் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்திருப்பேன். ஆனால் அந்த வாரம்தான் எங்கள் வீட்டில் மகளின் டியூஷனை நிறுத்துவதா, வேண்டாமா என்று பெரிய சண்டை!

நான் பிறந்தது அரியலூர். வாழ்க்கைப்பட்டது பெரம்பலூர் பக்கம் ஒரு கிராமம். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். கணக்குக்கு மட்டும் பெரம்பலூரில் டியூஷன். ஏழரைக்கு விட்டு, டவுன் பஸ் பிடித்து, எங்கள் ஸ்டாப்பில் இறங்க எட்டே கால் ஆகும். அங்கிருந்து வீட்டுக்கு அரை கிலோமீட்டர் நடை. ஸ்டாப் விளக்கு எரிந்து நாலு மாசம் ஆச்சு. வழியில் ஒரு மதுக்கடை வேறு.

ஒருநாள் அவள் பின்னாலேயே ஒரு பைக், விளக்கைப் போடாமல், மெதுவாக எங்கள் தெரு முனை வரைக்கும் வந்திருக்கிறது. ஒரு வார்த்தை பேசவில்லை, தொடவில்லை. வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. இதை அவள் என்னிடம் சொன்னது மூணு நாள் கழித்து. "ஏண்டி அன்னிக்கே சொல்லலை?" என்றேன். "சொன்னா டியூஷனை நிறுத்திடுவீங்கம்மா" என்றாள். அவள் சொன்ன மாதிரியேதான், விஷயம் தெரிந்ததும் இவர் போட்ட முதல் உத்தரவு, "நாளையிலிருந்து போக வேணாம்!"

நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். மேலே படிக்க பஸ் ஏறிப் போகணும், பஸ் ஸ்டாண்டில் பையன்கள் நிற்கிறார்கள் என்று என் அப்பாவும் இதையேதான் சொன்னார். நின்ற பையன்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் வீட்டில் உட்கார்ந்தேன்.

அந்தக் கணக்கெடுப்புக் கேள்வியை எனக்குத் தெரிந்தவர்களிடம் நானே கேட்டுப் பார்த்தேன். முதலில் அரியலூரில் இருக்கும் அம்மாவிடம், போனில். "எனக்கென்னடி பயம்? ஒரு பயமும் இல்லை" என்றார். "ராத்திரி எட்டு மணிக்கு மேல எப்பம்மா தனியா வெளிய போனே?" என்றேன். "நான் எதுக்குப் போறேன்... கல்யாணம் ஆன நாளா போனதில்லை!" என்று சிரித்தார். பிறகு அவரே, "பகல்ல ரோட்டைத் தாண்டத்தான் பயம்டி, லாரிக்காரன் வர்ற வரத்து அப்படி" என்றார். அரியலூரில் இருப்பவர்களுக்குத் தெரியும், சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகள் எப்படிப் பறக்கும் என்று. அந்தக் கேள்வித்தாளில் லாரி கிடையாது!

பக்கத்து வீட்டு அக்காவும் பயமில்லை என்றார். அவரும் இருட்டினால் வாசல் தாண்டாதவர். 'பயமா இருக்கும்மா, ஆனா போகணும்' என்று சொன்னது என் மகள் ஒருத்திதான். கணக்கெடுக்கிறவர் வந்திருந்தால் எங்கள் தெருவில் மூன்று பேரில் இரண்டு பேர் பயமில்லாதவர்கள் என்று எழுதிக்கொண்டு போயிருப்பார். வெளியே போகிறவள் ஒருத்தி. பயம் சொன்னவளும் அவள் ஒருத்தியே.

அதே பட்டியலில் ஓமன், சவுதி, குவைத் எல்லாம் மேல் வரிசையில் இருக்கின்றன. எங்கள் ஊரிலிருந்து குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் வந்த ஒரு பெண்மணியிடமும் கேட்டேன். "ரோட்டுல ஒரு பயமும் இல்லக்கா. ராத்திரி பன்னெண்டு மணிக்குக் கூட பொம்பளைங்க கடைக்குப் போவாங்க. ஆனா நான் அந்த ரோட்டைப் பார்த்ததே எப்பவாவதுதான். பாஸ்போர்ட் அவங்க கையில, கதவுச் சாவியும் அவங்க கையில" என்றார். ரோடு அத்தனை நல்ல ரோடாக இருந்து இவருக்கு என்ன பிரயோஜனம், சொல்லுங்கள்!

சரி, முதலிடத்துச் சிங்கப்பூர்? என் கொழுந்தனார் அங்கே கட்டட வேலையில் இருக்கிறார். நம் இரண்டு மாவட்டத்திலும் சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ ஆள் போகாத கிராமமே குறைவு. "அண்ணி, இங்க ராத்திரி பதினோரு மணிக்கு டியூட்டி முடிச்சு பொண்ணுங்க தனியா ரயில்ல வர்றாங்க. யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்" என்றார். "இங்கேயிருந்து போனவனும் பார்க்க மாட்டானா?" என்றேன். "பார்த்தா வேலை போயிடும், ஊருக்கு அனுப்பிடுவான்... யாரு பார்ப்பான்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நம் ஊர் ஸ்டாப்பில் நின்று கமெண்ட் அடித்துக்கொண்டிருந்த பையன்தான் விமானம் ஏறி இறங்கியதும் தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறான். அப்படியானால் 'ஆம்பளப் புத்தி அப்படித்தான், நாமதான் ஜாக்கிரதையா இருக்கணும்' என்று காலம் காலமாக நமக்குச் சொன்னது என்ன கணக்கு?

அங்கேயும் குற்றமே இல்லாமல் இல்லை. ரயிலில் கை வைக்கிற வழக்குகள் அங்கேயும் வருகின்றன. 2022லிருந்து அதற்கு மூன்று வருடம் வரை சிறை, பிரம்படியும் கொடுக்கலாம். ஒழுக்கத்துக்குப் பேர்போன ஜப்பானிலும் நெரிசல் நேரத்தில் பெண்களுக்கென்று தனி ரயில் பெட்டி விட வேண்டியிருக்கிறது.

நம் ஊரிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1998ல் சென்னையில் ஆட்டோவில் வந்த கும்பல் செய்த சேட்டையில் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்த பிறகு, ஈவ்டீசிங் தடைச் சட்டமே வந்தது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவிக்குக் கொடுமை நடந்தது. அடுத்த மாதமே அந்தச் சட்டத்தில் தண்டனையைக் கூட்டினார்கள். அந்த வழக்கிலும் 2025 ஜூனில், 30 வருடத்துக்குக் குறையாத ஆயுள் தண்டனை கிடைத்துவிட்டது. ஆறு மாதத்துக்குள் தீர்ப்பு என்பது பாராட்ட வேண்டியதுதான். ஆனால் பேசாமல், தொடாமல், விளக்கை அணைத்துக்கொண்டு பின்னால் வந்த பைக்கை நான் எந்த ஸ்டேஷனில் போய்ச் சொல்ல? நம்பர் கூடத் தெரியவில்லை... இருட்டு!

இன்னொன்றும் கவனித்தேன். பஸ்ஸுக்குள் என் மகளுக்குப் பயமே இல்லையாம். 2021லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் நமக்கெல்லாம் டிக்கெட் இல்லை அல்லவா? அதிலிருந்து எட்டு மணி பஸ்ஸில்கூட பூ விற்பவர், ஜவுளிக்கடைப் பெண்கள், ஆஸ்பத்திரி ஆயாக்கள் என்று பாதிக்கு மேல் பெண்களாம். "எவனாவது இடிச்சா பத்துப் பேர் திட்டுவாங்கம்மா" என்கிறாள். பயம் ஆரம்பிப்பது பஸ்ஸை விட்டு இறங்கின பிறகுதான். ஆறு மணி வரைக்கும் எங்கள் ஸ்டாப்பிலும் பயமில்லை. காரணம், அங்கே இட்லிக் கடை போட்டிருக்கும் ஒரு அக்கா. ஒரு பல்பு, ஒரு அடுப்பு, இரண்டு பெஞ்சு. அவர் ஒரு அதட்டல் போட்டால் மதுக்கடைப் பக்கத்திலிருந்து வருபவர்கள்கூட ஒதுங்கிப் போவார்கள். முன்பெல்லாம் கடைசி பஸ் வரைக்கும் கடை இருக்கும். மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்ததிலிருந்து ஆறு மணிக்கே கட்டிவிடுகிறார். அந்தப் பைக் வந்தது அதற்குப் பிறகுதான். இத்தனை வருடம் எங்கள் பெண்களைக் காத்தது அந்த நாற்பது வாட்ஸ் பல்பு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் அரியலூர் பக்கத்தில் 1956ல் நடந்த ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று, மத்திய மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவியையே விட்டார். ஒரு தெருவிளக்குக்கு நான் யாரிடம் போவது என்று கண்டுபிடிக்கவே மூணு வாரம் ஆனது! 'எங்க வேலை இல்லை' என்று ஒருவர், 'எழுதிக் கொடுங்க' என்று ஒருவர். கடைசியில் தெருப் பெண்கள் 14 பேர் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை மனு நாளில் கொடுத்துவிட்டு வந்தோம். ஒன்று, ஸ்டாப்பில் விளக்கு. இரண்டு, எட்டு மணிக்கு மேல் போலீஸ் ரோந்து ஒரு தடவையாவது அந்த வழியாக வரணும். விளக்கு இன்னும் வரவில்லை.

இட்லிக் கடை அக்காவிடமும் பேசினோம். வீட்டுக்கு மாதம் இருபது ரூபாய் கரண்டுக்குத் தருகிறோம், எட்டரை வரைக்கும் பல்பை மட்டும் எரிய விடுங்கள் என்றோம். "பல்பு மட்டும் எரிஞ்சா போதுமா? நானும் இருக்கேன்" என்று அடுப்பையும் பற்ற வைத்துவிட்டார். இப்போது எட்டு மணிக்கு நாங்கள் மூன்று பேர் முறை வைத்துக்கொண்டு அந்தப் பெஞ்சில் போய் உட்காருகிறோம். புதன்கிழமை என் முறை. முதல் நாள் இவர், "பொம்பளைங்க ராத்திரியில பஸ் ஸ்டாப்புல உட்கார்றதா?" என்று முறைத்தார். போன வாரம் எனக்கு உடம்பு முடியவில்லை, அவரே போய் உட்கார்ந்து நாலு இட்லியும் சாப்பிட்டுவிட்டு மகளோடு வந்தார்.

டியூஷன் நடக்கிறது. உங்கள் ஊர் ஸ்டாப்பில் விளக்கு எரிகிறதா, அதை வாங்க யாரைப் பிடித்தீர்கள் என்று தெரிந்த சகோதரிகள் இந்தப் பகுதிக்கு எழுதினால் எங்களுக்கு உபயோகமாக இருக்கும்.

— ஒரு வாசகி,
பெரம்பலூர் மாவட்டம்.