கலாசாலை மாணவரும் ராஜீய வாழ்வும்

மாணவர்கள் ராஜீய விஷயங்களில் தலையிடலாமா என்ற கேள்வி நமது தேசத்தில் புதிதன்று. 1920-ம் வருஷத்தில் மகாத்மா காந்தி ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கி, சர்க்கார் கலாசாலைகளை விட்டு வெளியேறும்படி மாணவர்களை அழைத்த நாள் முதல் இக்கேள்வி ஓயாமல் எழுப்பப்பட்டு வருகிறது. அதிகாரத்தில் இருப்பவர் எக்கட்சியினராயினும், “தம்பி, புத்தகத்தை எடுத்துப் படி, நாட்டு விவகாரத்தை எங்களிடம் விட்டுவிடு” என்கிறார். அதிகாரத்துக்கு வெளியே நிற்பவர், “தம்பி, புறப்பட்டு வா” என்கிறார். தேர்தலில் இருவரும் இடம் மாறும்போது உபதேசத்தையும் மாற்றிக் கொள்கிறார்கள். மாணவனுடைய நாள் எவ்வாறு கழிகிறது, அவன் மனத்தில் ஓடுவது என்ன என்று விசாரிப்பவர் சிலரே. காவிரிப் பாசனப் பிரதேசமாகிய பழைய தஞ்சாவூர் ஜில்லாவை எடுத்துக்கொண்டு இவ்விஷயத்தைச் சற்று ஆராய விரும்புகிறோம்.

கும்பகோணத்திலோ, மன்னார்குடியிலோ, திருவாரூரிலோ கலாசாலையில் படிக்கும் ஒரு குடியானவர் வீட்டுப் பிள்ளையின் தினசரி வாழ்க்கையைக் கவனியுங்கள். விடியற்காலையில் எழுந்து வயலுக்கு ஒரு நடை போய்வந்து, குளித்துச் சாப்பிட்டு, ரோட்டில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறான். பஸ் வருவதற்குள் டீக்கடையில் கிடக்கும் பத்திரிகையைப் புரட்டி விடுகிறான். மேட்டூர் அணையில் எத்தனை அடி ஜலம் நிற்கிறது என்பதே அவன் முதலில் தேடும் செய்தி. 1934-ம் வருஷத்தில் திறக்கப்பட்ட அவ்வணையிலிருந்து ஜூன் 12-ந் தேதி தண்ணீர் விடுவது வழக்கம். விட்டால் குறுவை உண்டு. தள்ளிப் போனால் அவனுடைய தகப்பனார் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். காவிரி நடுவர் மன்றம் 2007-ம் வருஷத்தில் பிலிகுண்டுலுவில் கிடைக்க வேண்டுமென விதித்த 192 டி.எம்.சி. தண்ணீரை, 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. பாட புத்தகத்திலுள்ள கணக்கை அவன் மறந்தாலும் மறப்பான். இந்தக் கணக்கை மறக்க மாட்டான்.

அறுவடை முடிந்ததும் நெல் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேற்பட்டால் வாங்க முடியாது என்பது விதி. குறுவை நெல் களத்துக்கு வரும் ஐப்பசி மாதமோ மழைக் காலம். குவித்த நெல் நனைந்து முளை விடுவதைக் கண்ணால் பார்க்கிறான். ஈரப்பத வரம்பைத் தளர்த்தும் உத்தரவு டில்லியிலிருந்து வர வேண்டும் என்று சொல்கிறார்கள். அந்த நெல்லை விற்ற பணத்திலிருந்துதான் அவனுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்ட வேண்டும். தண்ணீர் விடுவதும், விலை வைப்பதும், ஈரம் பார்ப்பதும் சர்க்கார் காரியங்களாயிருக்க, இப்பிள்ளையைப் பார்த்து “உனக்கு ராஜீயம் எதற்கு?” என்று கேட்பது என்ன நியாயம்? அவன் ராஜீயத்தைத் தேடிப் போகவில்லை. அது அவன் வீட்டுக் களத்தில் வந்து நிற்கிறது.

இது பூர்வீகமாக நிலமுடைய வீட்டுப் பிள்ளையின் நிலைமை. அதே பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மற்றொரு மாணவனின் பாட்டனார் பண்ணையாளாயிருந்தவர். 1968-ம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி இரவு, கூலிப் போராட்டத்தின் நடுவே, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் தீக்கு இரையான கதையை அவன் தன் வீட்டுத் திண்ணையில் கேட்டு வளர்ந்தவன். ஒருவன் நெல்லுக்கு விலை போதாதென்கிறான். மற்றவன் கூலி போதாதென்கிறான். இருவர் சொல்வதிலும் உண்மையிருக்கிறது. இவர்கள் இருவரும் முகத்துக்கு முகம் பார்த்து, கோபமின்றி விவாதிக்கத்தக்க இடம் கலாசாலையைத் தவிர இந்த ஜில்லாவில் வேறெங்கே இருக்கிறது? கிராமத்தில் இவர்களுடைய தெருக்கள் இன்னும் வெவ்வேறாகவே இருக்கின்றன.

இனி, பழைய சம்பவங்கள் சிலவற்றை வாசகர்களுக்கு நினைவூட்டுகிறோம். கும்பகோணம் சர்க்கார் கலாசாலை 1854-ம் வருஷத்தில் தோன்றியது. காவிரிக் கரையில் அமைந்துள்ள அதற்குத் தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்ற பெயருண்டு. மகாகனம் ஸ்ரீநிவாஸ சாஸ்திரியாரும், கணித மேதை ராமாநுஜனும் அங்கே படித்தவர்கள். இத்தனை பெருமை வாய்ந்த ஸ்தாபனத்தில், 1943-ம் வருஷத்தில்கூட, பிராமண மாணவர்களுக்கு ஒரு தண்ணீர்ப் பானை, ஏனைய மாணவர்களுக்கு வேறொரு தண்ணீர்ப் பானை என்றிருந்தது. இப்பேதத்தைப் பொறாத மாணவர்கள் கூடித் திராவிட மாணவர் கழகம் என்ற சங்கத்தை அவ்வருஷத்திலேயே ஸ்தாபித்தார்கள். தவமணி இராசன், கருணானந்தம் முதலியோர் அதன் முன்னணியில் நின்றனர். அவர்களுடைய சித்தாந்தம் முழுவதையும் ஒப்புக்கொள்ளாதவர் பலருண்டு. ஆனால் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் அவமானம் கிடைத்தால், அதைக் கண்டு சும்மா இருப்பதுதான் நல்ல மாணவனுக்கு லக்ஷணம் என்று எவரும் சொல்லத் துணியமாட்டார்கள். பானை விஷயம் அற்ப விஷயமென்று மேலதிகாரிகள் நினைத்திருக்கலாம். அந்த அற்ப விஷயத்திலிருந்து கிளம்பிய இளைஞர் கூட்டம் பிற்காலத்தில் மாகாணத்து ராஜீயத்தையே மாற்றிய இயக்கத்தில் போய்ச் சேர்ந்தது.

இருபத்திரண்டு வருஷங்களுக்குப் பின் மொழிப் பிரச்னை எழுந்தது. 1965 ஜனவரி 26-ந் தேதி முதல் ஹிந்தியே ஆட்சி மொழியாகும் என்ற நிலையில், தமிழ் மாணவர்கள் தங்கள் உத்தியோகத்தையும் எதிர்காலத்தையும் குறித்துக் கவலை கொண்டனர். அக்கவலை நியாயமானது. அதைக் கேட்டுச் சமாதானம் சொல்ல அப்போதைய அதிகாரிகளுக்குப் பொறுமையில்லை. கொள்ளிடத்துக்கு அக்கரையிலுள்ள அண்ணாமலை சர்வகலாசாலையின் மாணவர் ராஜேந்திரன் ஜனவரி 27-ந் தேதி சிதம்பரத்தில் போலீசாரின் துப்பாக்கிப் பிரயோகத்தில் மாண்டார். மார்ச் மாதத்தில் மாயூரம் ஏ.வி.ஸி. கலாசாலை மாணவர் சாரங்கபாணி தமது உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார். தற்கொலையை எக்காரணத்தை முன்னிட்டும் நாம் புகழ மாட்டோம். எந்த லட்சியத்துக்கும் உயிரோடிருந்து உழைக்கும் இளைஞரே வேண்டும். ஆனால் ஓர் இளைஞன் தன் சொல்லைக் கேட்பார் எவருமில்லை என்று எண்ணும் நிலைக்கு அவனைக் கொண்டுவந்து விட்ட பொறுப்பிலிருந்து பெரியவர்கள் தப்ப முடியாது.

விளைவை வாசகர்கள் அறிவார்கள். 1967-ம் வருஷத்துப் பொதுத் தேர்தலில் காங்கிரஸ் மந்திரி சபை வீழ்ந்தது. விருதுநகரில் காமராஜரே, மாணவர் போராட்டத் தலைவர்களில் ஒருவரான சீனிவாசனிடம் தோல்வியுற்றார். மாணவருக்கு ராஜீயம் வேண்டாம் என்றவர்களை மாணவர் எழுப்பிய ராஜீயமே வீட்டுக்கு அனுப்பியது. ஆயினும் புதிய அதிகாரிகள் இதிலிருந்து முழுப் பாடம் கற்றுக் கொண்டார்கள் என்று சொல்வதற்கில்லை. நான்கே வருஷங்களில், 1971-ல், முதன் மந்திரிக்கு கௌரவ டாக்டர் பட்டம் வழங்குவதை எதிர்த்து அதே அண்ணாமலை சர்வகலாசாலையில் மாணவர்கள் கிளர்ச்சி செய்தபோது, அங்கே போலீஸ் தடியடி நடந்தது. மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மாணவர் தோளில் ஏறி வந்தவர்களும், ஏறிய பின் மாணவரைக் கண்டு அஞ்சினார்கள் என்பதே இதன் பொருள்.

இக்காலத்திலும் இந்த மனப்பான்மை மாறவில்லை. புதுக்கோட்டை ஜில்லா நெடுவாசலிலும், கும்பகோணத்துக்கு அருகிலுள்ள கதிராமங்கலத்திலும் எண்ணெய், வாயுத் திட்டங்களை எதிர்த்து 2017-ம் வருஷத்தில் ஜனங்கள் போராடினர். அவர்களை ஆதரித்துச் சேலத்தில் துண்டுப் பிரசுரம் கொடுத்த ஒரு மாணவி மீது குண்டர் தடுப்புச் சட்டம் பிரயோகிக்கப்பட்டது. அவ்வுத்தரவை அதே வருஷத்தில் சென்னை ஹைகோர்ட் ரத்து செய்தது. 2020 பிப்ரவரியில் காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமென்று சட்டசபையில் சட்டமே நிறைவேறியது. எந்தப் பயத்தைச் சொல்லி அப்பெண் காகிதம் கொடுத்தாளோ, அந்தப் பயம் ஆதாரமுள்ளதென்று மூன்றே வருஷங்களில் சர்க்காரே ஒப்புக்கொண்டதாகிவிட்டது.

சட்டத்தின் நிலையையும் சற்று விளக்குவது அவசியம். 1989-ம் வருஷத்தில் அமலுக்கு வந்த 61-வது திருத்தத்தால் ஓட்டுரிமை வயது 21-லிருந்து 18 ஆயிற்று. ஆகவே இன்று கலாசாலை மாணவர் மாணவியரில் பெரும்பாலோர் வாக்காளர்கள். அரசியல் சட்டத்தின் 19-வது ஷரத்து பேச்சுரிமையையும் சங்கம் அமைக்கும் உரிமையையும் பிரஜைகள் அனைவருக்கும் அளித்திருக்கிறது. மாணவர் நீங்கலாக என்று அதில் எழுதியிருக்கவில்லை. மாஜி பிரதம தேர்தல் கமிஷனர் லிங்டோவின் தலைமையில் அமைந்த கமிட்டி 2006-ம் வருஷத்தில் மாணவர் சங்கத் தேர்தல்களுக்கு விதிகளை வகுத்தது. 75 சதவீத வருகை உள்ளவரே போட்டியிடலாம், செலவு 5,000 ரூபாய்க்கு மேற்படலாகாது, ராஜீயக் கட்சிகளின் பணமும் கையும் உள்ளே வரலாகாது என்பன அவற்றில் முக்கியமானவை. அவற்றை அமல் செய்யும்படி சுப்ரீம் கோர்ட்டும் உத்தரவிட்டது. இருந்தும் நம் தமிழ் நாட்டில் பல கலாசாலைகளில் முறையான சங்கத் தேர்தல் நடைபெறுவதில்லை. சில இடங்களில், எவ்விதக் கிளர்ச்சியிலும் ஈடுபடமாட்டேன் என்று சேரும்போதே கையெழுத்து வாங்கி விடுகிறார்கள். சட்டசபைக்குப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க யோக்கியதை உள்ளவன், தன் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிப் பேச ஒரு காரியதரிசியைத் தேர்ந்தெடுக்க யோக்கியதையற்றவன் என்பது விசித்திரமான தர்க்கமல்லவா?

படிப்புக் கெட்டுவிடும் என்பது பெற்றோர் சொல்லும் ஆட்சேபம். இதை நாம் அலட்சியம் செய்யவில்லை. கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் தாய் தந்தையரின் கவலை கௌரவிக்கத் தக்கது. மதுரை அமெரிக்கன் கலாசாலை மாணவராயிருந்த சங்கரய்யா, 1941-ம் வருஷத்தில் பி.ஏ. இறுதிப் பரீட்சைக்குச் சில நாட்களே இருக்கையில் பிரிட்டிஷ் சர்க்காரால் சிறை வைக்கப்பட்டார். அவர் பட்டம் பெறவேயில்லை. 2023-ம் வருஷத்தில் மதுரை காமராஜர் சர்வகலாசாலை அவருக்கு கௌரவப் பட்டம் அளிக்கத் தீர்மானித்தும், கவர்னர் கையெழுத்திடாமையால் அது கைகூடவில்லை. அவ்வருஷம் நவம்பரில் அவர் காலமானார். பொது வாழ்வுக்குக் கொடுக்கும் விலை எத்தகையது என்பதற்கு இது திருஷ்டாந்தம். அந்நியர் ஆட்சியில் அவ்விலையைக் கொடுக்க நேர்ந்தது. சுதந்திர நாட்டில், அபிப்பிராயம் சொல்வதற்காக ஒரு மாணவன் பரீட்சையை இழக்க வேண்டிய நிலை இருக்கலாகாது என்பதே நமது வாதம். படிப்பா, ராஜீயமா என்று அவனைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே தவறு.

மாணவ நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். உரிமை கேட்பவர் உழைப்புக்கும் தயாராயிருக்க வேண்டும். தலைவர்களின் படத்துக்குப் பாலாபிஷேகம் செய்வதும், கட்சிக்காரர் கொடுத்த கொடியைப் பிடித்து லாரியில் ஏறுவதும், கைப்பேசியில் வந்த வதந்தியை நூறு பேருக்கு அனுப்புவதும் ராஜீய ஞானமாகாது. உங்கள் ஊர் வாய்க்கால் கடைசியாக எப்போது தூர் எடுக்கப்பட்டது? அதற்கு அனுமதிக்கப்பட்ட தொகை எவ்வளவு? கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு எவ்வளவு பிடித்துக் கொள்கிறார்கள்? நடவு நடும் பெண்ணுக்குக் கூலி என்ன? இவற்றைத் தகவல் அறியும் சட்டத்தின் மூலமும் நேரில் சென்றும் விசாரித்து எழுதி வையுங்கள். நடுவர் மன்றத் தீர்ப்பை மேடைப் பேச்சில் கேட்டதோடு நில்லாமல் படித்துப் பாருங்கள். எதிர்க்கட்சிக்காரன் சொல்வதை முழுவதும் கேட்ட பிறகு பதில் சொல்லுங்கள். ஒரு மைல் வாய்க்காலின் கணக்கை ஆதாரத்தோடு கேட்கும் பத்து மாணவர்கள், ஆயிரம் கோஷங்களைக் காட்டிலும் அதிகாரிகளைத் திடுக்கிடச் செய்வார்கள்.

கலாசாலை அதிகாரிகளுக்கும் சர்க்காருக்கும் நாம் சொல்ல விரும்புவது இதுவே. லிங்டோ கமிட்டியின் விதிகளை அப்படியே கைக்கொண்டு, ஒவ்வொரு கலாசாலையிலும் வருஷந்தோறும் சங்கத் தேர்தலை நடத்துங்கள். சேரும்போது வாங்கும் அந்தக் கையெழுத்தை அகற்றுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் மாலையாவது, எவ்விஷயத்தைப் பற்றியும் பயமின்றி விவாதிக்க ஒரு மண்டபத்தைத் திறந்து வையுங்கள். உபாத்தியாயர்களும் அங்கே வந்து உட்கார்ந்து கேட்கட்டும். 1943-ல் பானையைப் பற்றியும், 1965-ல் மொழியைப் பற்றியும் இத்தகைய மண்டபத்தில் பேச இடமிருந்து, அங்கே பேசியதற்கு மதிப்பும் இருந்திருந்தால், சில உயிர்களேனும் மிஞ்சியிருக்கும் என்பது நமது திடமான அபிப்பிராயம். மாணவர் குரலை மண்டபத்தில் கேட்க மறுக்கும் சர்க்கார் அதை வீதியில் கேட்டே தீர வேண்டியிருக்கும். எந்த இடத்தில் கேட்பது என்று தீர்மானிக்கும் சந்தர்ப்பம் இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. அதைக் காலம் கடத்தாமல் பயன்படுத்திக் கொள்வார்களென்று எதிர்பார்க்கிறோம்.