மலையேறாத மைலேஜ்

வண்டன்மேட்டு ஏலத்தோட்டங்களுக்கு உரமூட்டையும் அரிசியும் கம்பத்திலிருந்து பிக்கப் வண்டிகளில்தான் மேலேறுகின்றன. கம்பம்மெட்டுக் கொண்டைஊசி வளைவுகளில் முதல் இரண்டு கியரை விட்டு வண்டி மாறுவதே அரிது. விளம்பரம் சொல்லும் மைலேஜோ ஆய்வுக்கூடத்து உருளைகள்மேல் ஓட்டி அளந்தது. அங்கே ஏற்றமும் இல்லை, மலைப்பாதையில் ஏற்றுகிற பாரமும் இல்லை. டீசல் செலவு வாடகையில் ஏறுகிறது. புற்றடியிலோ போடியிலோ ஏலம் போகும் காய்க்கு வரும் பணத்தில் அது கழிகிறது.

இந்தியாவில் கார்களுக்கான எரிபொருள் சிக்கன நெறி 2017-இல் நடைமுறைக்கு வந்தபோது, 3.5 டன்னுக்கு உட்பட்ட சரக்கு வண்டிகள் அதில் சேர்க்கப்படவில்லை. பிறகு வந்த லாரி நெறிகளும் 3.5 டன்னுக்கு மேற்பட்டவற்றுக்கே. நடுவில் தப்பியது பிக்கப். பெரிய பிக்கப்புகளின் நாடான அமெரிக்காகூட 1975-இல் தொடங்கிய தன் சிக்கனச் சட்டத்தின்கீழ் அவற்றுக்கும் வரம்பு வைத்தது, காரைவிடத் தளர்வாகத்தான் என்றாலும்.

பாரம் ஏற்றி மலைச்சரிவில் ஓட்டினால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்? தயாரிப்பாளர்கள் இதையும் விற்பனைத் தாளில் அச்சிட வேண்டும். கடன் வாங்கி வண்டி எடுப்பவர் தவணை கட்டிவிட முடியுமா என்று கணக்கிடுவது தாளில் இருக்கும் மைலேஜை வைத்துத்தான்.