மண்டபத்துக்கு எட்டு மாதம்

ராத்தாவின் கல்யாணத்துக்கு எட்டு மாதங்களுக்கு முன்பே மண்டபம் பதிவு செய்யப்பட்டது. வட்டிலப்பம் போதுமா, ஐஸ்கிரீமும் வைப்பதா என்று மட்டும் வீட்டில் மூன்று நாட்கள் பேசினோம். உடுப்புக்காகக் கொழும்புக்கு இரண்டு தடவை போய்வந்தோம். எல்லாம் ஒரு நாளுக்கு.

கல்யாணம் முடிந்து மூன்றாம் மாதம் ராத்தா உம்மாவிடம் வந்து அழுதார். வெளிவாரிப் பட்டப்படிப்பின் இரண்டாம் வருடப் பரீட்சைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. "நீங்க இன்னும் படிக்கிறதா யாரும் எனக்குச் சொல்லலையே" என்று மச்சான் கேட்டாராம். மச்சான் கெட்டவர் அல்லர். உண்மையிலேயே யாரும் அவருக்குச் சொல்லவில்லை. தரகர் சொல்லியிருப்பார் என்று வாப்பா நினைத்தார். படிப்பு முடிந்துவிட்டது என்று அவர்கள் நினைத்தார்கள். வீடு, நகை, விருந்தாளிகளின் எண்ணிக்கை எல்லாம் பேசியவர்கள் இதை மட்டும் பேசவில்லை. அந்த வருடப் பரீட்சை தவறிப்போனது.

மஹர் எவ்வளவு என்பதையும் ராத்தா நிக்காஹ் அன்றுதான் அறிந்தார். அது அவருடைய உரிமை. அந்நிஸா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் மஹரைப் பெண்களுக்கே கொடுக்கச் சொல்கிறது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமோ பதிவில் மணப்பெண்ணின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. மாப்பிள்ளையும் வலீயும் நிக்காஹை நடத்தியவரும் ஒப்பமிடுகிறார்கள். கையொப்பம் இல்லாத இடத்தில் வாயையாவது திறக்க வேண்டாமா?

"முன்னாடியே கேள்வி கேட்டா வாய்க்காரி என்பாங்க" என்பது உம்மம்மாவின் பயம். கதீஜா நாயகி (ரழி) அவர்கள் நபிகளாரின் (ஸல்) நேர்மையை வியாபாரத்தில் கண்டறிந்த பிறகு, தாமே ஆளனுப்பித் திருமணம் பேசினார்கள். மீலாத் விழா மேடையில் இதைப் பேசிப் பரிசும் வாங்குகிறோம். வீட்டு விறாந்தையில் மாத்திரம் அது செல்லாது போலும்.

சமையல் பழகுவதுதான் ஆயத்தம் என்கிறார்கள். பழகலாம்தான் (எனக்கு ரொட்டி இன்னும் வட்டமாக வருவதில்லை). ஆனால் படிப்பு தொடருமா, சம்பளம் யார் கையில் இருக்கும், வயதான பெற்றோரை யார் பார்ப்பது, கோபம் வந்தால் எத்தனை நாள் பேசாமல் இருப்பார் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வாப்பாவோ நானாவோ அருகில் இருக்கட்டும். அரை மணி நேரம் போதும். பெற்றோர்களே, அந்த அரை மணி நேரத்தை எங்களுக்குத் தாருங்கள்.

ராத்தா இந்த வருடம் பரீட்சைக்கு விண்ணப்பித்துவிட்டார். படிவத்தைத் தபாலில் சேர்த்தது மச்சான்தான்.