அரைமணிக்குள் அடங்காத வாத்தியம்

திருவண்ணாமலைக் கார்த்திகைத் தீபத் திருவிழாவில் ராத்திரி சுவாமி புறப்பாட்டோடு மாடவீதியில் நடந்தவர்களுக்கு ஒன்று தெரியும். நாகஸ்வரக்காரர் கடிகாரம் பார்ப்பதில்லை. மல்லாரி முழங்கி வாகனம் கிளம்பும். சுவாமி நின்றால் அவரும் நிற்பார், நகர்ந்தால் நகர்வார். ராஜகோபுரத்தடியில் எடுத்த கல்யாணி, திருமஞ்சன கோபுரம் தாண்டிப் பேகோபுரம் வந்தும் முடிந்திருக்காது.

அந்த வாத்தியத்தைத்தான் வானொலி அரைமணிக்குள் அடைத்தது. வானொலிக் கச்சேரியோடு எனக்குள்ள பழைய வழக்கு இது.

பாட்டுக்காரர்களுக்கு வானொலி செய்தது நல்லது என்றுதான் சொல்வேன். சென்னை நிலையம் 1938 ஜூன் 16-லும் திருச்சி நிலையம் 1939 மே 16-லும் தொடங்கின. சபையில் மூன்று மணி நேரம் பாடிப் பழகியவர் ஸ்டுடியோவில் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். எதிரே சுவர். தலையாட்ட ஆளில்லை, 'பலே' கிடையாது, பாட்டுப் பட்டியலை முன்னாலேயே எழுதிக் கொடுத்தாக வேண்டும். நாலு நிமிஷ ஆலாபனைக்குள் காம்போதி முழுசாக வந்து நிற்க வேண்டுமென்றால் வளவளப்புக்கு இடமேது? சபையில் சுற்றி வளைக்கிற சிலரே வானொலியில் கச்சிதமாகப் பாடியதைக் கேட்டிருக்கிறேன். அரைமணிக் கச்சேரியைப் பெரிய கச்சேரியின் துண்டு என்று நான் நினைப்பதில்லை. அது தனி வகை.

சபா சீசன் எட்டாத எங்கள் ஊர் மாதிரி இடங்களுக்கு வானொலி பெரிய கொடை. 1952-ல் தேசிய இசை நிகழ்ச்சி வந்தது. சனிக்கிழமை ராத்திரிகளில் இந்துஸ்தானியும் வீடு தேடி வந்தது. அதே காலத்தில்தான் அமைச்சர் பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை ஓரங்கட்டப் பார்த்தார். ஜனங்கள் சிலோன் ரேடியோவுக்குத் திருப்பிக்கொண்டார்கள். எது சங்கீதம் என்று ஆபீஸ் தீர்மானிக்கிற வழக்கம் அதற்கு முன்பே உண்டு. 1940-ல் ஹார்மோனியத்தைத் தள்ளி வைத்து, மறுபடி சேர்க்க முப்பது வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். மலை சுற்றும் பஜனை கோஷ்டிகள் அதைச் சட்டை செய்ததாகத் தெரியவில்லை.

நாகஸ்வரத்தை யாரும் தள்ளி வைக்கவில்லை. மரியாதையாக வாசலில் உட்கார வைத்தார்கள். விடியற்காலை நிலையம் திறந்ததும் மங்கள இசை. பல் விளக்குகிற நேரத்துச் சங்கீதம். காது பழகுவதற்குள் அடுத்த நிகழ்ச்சி வந்துவிடும். நாலு வீதிக்குக் கேட்கப் பிறந்த சத்தத்தை மூடிய அறைக்குள் வாசித்தால், மைக்கை எவ்வளவு தள்ளி வைத்தாலும் தவில் சுவரில் மோதித் திரும்பும். தவிலை அடக்கி வாசிக்கச் சொன்னால் அது தவிலா?

ஆனாலும் முழுக்கக் குறை சொல்ல வாய் வரவில்லை. நாகஸ்வர வித்வான்கள் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956-லும் காருகுறிச்சி அருணாசலம் 1964-லும் போய்விட்டார்கள். இன்று அவர்கள் வாசிப்பு நமக்குக் கேட்பதில் வானொலிப் பதிவுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை மங்கலான பதிவில் கேட்டாலும், அந்த ஆள் தெருவில் எப்படி வாசித்திருப்பார் என்று மனசு கணக்குப் போடுகிறது.

இப்போது நேரத்துக்குப் பஞ்சமில்லை. 2016 குடியரசு தினத்தன்று வானொலி தொடங்கிய 'ராகம்' சேனல் இருபத்துநாலு மணி நேரமும் சாஸ்திரிய சங்கீதம்தான். கைப்பேசியிலேயே கேட்கலாம். திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனையைப் பந்தலிலிருந்தே நேரடியாகத் தருகிறவர்கள் வானொலிக்காரர்கள். என் யோசனை சின்னது. கார்த்திகை பத்து நாளில் ஒரே ஒரு ராத்திரி, வாகனம் கிளம்புவதிலிருந்து கோயிலுக்குள் திரும்புவது வரை, மேளத்தோடு கூடவே ஒரு மைக் நடக்கட்டும். வர்ணனையாளர் வேண்டாம். நடுவில் எந்த ராகம், யார் வாசிப்பு என்று ஒரு வரி போதும்.

அதிர்வேட்டும் பலூன்காரர் ஊதலும் 'அரோகரா'வும் பதிவில் ஏறும் என்று இன்ஜினியர் ஆட்சேபிப்பார். ஏறட்டும். அந்த இரைச்சலுக்கு மேலே கேட்பதற்குத்தான் அந்தக் குழலைச் செய்தார்கள்.